மலை நம்முடையது, பெயர் எவனுடையது?



மேட்டுப்பாளையத்தினின்று உதகமண்டலத்திற்கு ஏறும் மலைத் தொடர்வண்டியை உலகம் போற்றுகின்றது. திருவள்ளுவராண்டு 2036இல், அஃதாவது 2005ஆம் ஆண்டு சூலைத் திங்களில், யுனெசுகோ அமைப்பு அதனை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. 1999இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்த தார்சிலிங்கு மலைவண்டியோடு இஃது இணைக்கப்பட்டது. 2008இல் கால்கா - சிம்லா வண்டியும் சேர்ந்தது. மூன்றையும் ஒன்றாக்கி, 'இந்திய மலை இருப்புப்பாதைகள்' என்று ஒரே பெயர் சூட்டியுள்ளனர். நூறாண்டு கடந்த பாதையில் நீராவிப் பொறி பெருமூச்செறிந்து மலையேறும் காட்சியைக் காண உலகெங்குமிருந்து மாந்தர் வருகின்றனர். மகிழ்கின்றோம். நம் மலைக்கு வந்த மதிப்பு நமக்கு வந்த மதிப்பே.

ஆயினும் ஒன்று கேட்போம். மரபுடைமை என்று சொல்லி எவற்றையெல்லாம் காத்தார்கள்? இரும்பைக் காத்தார்கள். மரப்பெட்டியைக் காத்தார்கள். பாலத்தையும் குகைவழியையும் காத்தார்கள். வெள்ளையன் நட்டுச் சென்ற பெயர்களையும் கண்ணை இமை காப்பது போலக் காத்தார்கள். அம்மலைக்கு அவனுக்கு முன்னிருந்த பெயரைக் காத்தார்களா? பாறையைக் குடைந்தவன் பெயரைக் காத்தார்களா? அப்பொறியை இன்று ஓட்டுகின்றவனின் தாய்மொழியில் அப்பொறியைப் பற்றி ஒரு நூலேனும் எழுதுவித்தார்களா? இவ்வினாக்களை நாம் கேளாவிடின் வேறு யார் கேட்பார்?

மூன்று சொல்லில் தமிழ் எங்கே?

தமிழ்ச் செய்தித்தாள் எதையேனும் எடுத்துப் புரட்டுங்கள். 'நீலகிரி பாரம்பரிய ரயில்' என்று அச்சிட்டிருப்பார்கள். 'கிரி' வடசொல். 'பாரம்பரியம்' வடசொல். 'ரயில்' ஆங்கிலச்சொல். மூன்று சொற்களில் நமக்கென்று எஞ்சியது நீல நிறம் ஒன்றே! நீலமலை என்று சொன்னால் நாக்கு நோகுமா? மரபுவண்டி, மலைவண்டி, தொடர்வண்டி என்று எழுதினால் மை கூடுதலாகச் செலவாகுமா?

இதனினும் இழிவு ஒன்றுண்டு. நகர்ப்புறத்துப் படித்தவர் வாயில் அது 'டாய் ட்ரெயின்'. விளையாட்டுப் பொம்மையாம்! 46 கி.மீ. நீளப் பாதை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டரில் தொடங்கி 2,200 மீட்டர் வரை ஏறுகின்றது. 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைவழிகள். பன்னிரண்டரை அடி நடந்தால் ஓரடி உயரும் செங்குத்து. இந்தியாவில் பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு மலையேறும் தொடர்வண்டி இஃதொன்றே. இத்துணைப் பெரிய வினையைப் பொம்மை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவன் எவன்? கோடைக்கு வந்து களித்துச் சென்றவன். அவனுக்கு அது பொம்மை. கல்லுடைத்தவனுக்கும் கரி அள்ளியவனுக்கும் அது பொம்மையா? அவன் பேரன் பேர்த்திகளாகிய நாமும் அச்சொல்லையே திருப்பிச் சொல்கின்றோமே, நமக்கு நாணமில்லையா?

பலகைகளைப் படியுங்கள்

இப்பாதையில் அமைந்த நிலையங்களை அடிவாரத்தினின்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள். மேட்டுப்பாளையம், கல்லாறு. இவை நம் பெயர்கள். அடுத்து 'அடர்லி'. அடுத்து 'ஹில்குரோவ்'. வடவெழுத்தை இரவல் வாங்காமல் எழுதவும் இயலாத பெயர் இது. அடுத்து 'ரன்னிமேடு'. பின்னர்க் காட்டேரி, குன்னூர். இவை நம்முடையவை. அப்புறம் 'வெலிங்டன்'. அதன்பின் அருவங்காடு, கேத்தி. மீண்டும் 'லவ்டேல்', 'பெர்ன்ஹில்'. முடிவில் உதகமண்டலம். பதின்மூன்று பெயர்களில் ஆறு ஆங்கிலப் பெயர்கள். இவற்றுட் சில நிலையங்களில் இன்று வண்டி நிற்பதில்லை. பெயர் மட்டும் நின்றுகொண்டிருக்கின்றது.

பெயர்ப்பலகையில் தமிழ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றது. தமிழெழுத்து, இந்தியெழுத்து, ஆங்கிலவெழுத்து என மூவகை எழுத்தும் உள்ளன. ஆனால் மூவகை எழுத்திலும் எழுதப்பட்டிருப்பது ஒரே ஆங்கிலப் பெயர்! எழுத்தைத் தமிழாக்கிவிட்டுப் பெயரை ஆங்கிலமாகவே விட்டுவைப்பது, அயலான் சடலத்திற்கு வேட்டி கட்டி இவன் எங்கள் பாட்டன் என்பது போன்றது. இந்தியெழுத்து ஆங்கே எற்றுக்கு என்பது தனி வினா. ஒன்றிய அரசின் 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக ஏனை இந்தியாவிற்கே பொருந்தும் என்று தொடக்கத்திலேயே கூறுகின்றன. 1965இல் தமிழ் மாணவர் சிந்திய அரத்தம் பெற்றுத் தந்த விலக்கு அது. தாளில் விலக்கு, பலகையில் விலக்கில்லை.

'ரன்னிமேடு' என்னும் பெயரைச் சற்றே நின்று நோக்குங்கள். இலண்டனுக்கு மேற்கே தேம்சு ஆற்றங்கரையில் உள்ள ஒரு புல்வெளியின் பெயர் அது. 1215ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெருநிலக்கிழார்கள் தம் மன்னன் சானை அங்கே வளைத்து நிறுத்தி, அவன் ஆணவத்தைத் தளையிடும் உரிமை முறியில் முத்திரையிடச் செய்தனர். தன் மன்னனின் கொடுங்கோலைத் தன்னாட்டான் அடக்கிய இடத்தின் பெயரை, எவரையும் கேளாமல் தான் கோலோச்சிய நாட்டின் மலைச்சரிவில் ஒட்டி வைத்தான் வெள்ளையன். உரிமை பெற்ற இடத்தின் பெயர், உரிமை பறித்த இடத்திற்கு! நம் மக்களோ அப்பெயரின் கடைப்பகுதியைக் கேட்டு, அது மலையல்லவா, மேடு என்றுதானே இருக்கும் என்று எண்ணி 'மேடு' ஆக்கிக்கொண்டனர். ஆங்கிலத்தில் அப்பகுதி புல்வெளியைக் குறிப்பது. தமிழ்நாக்கு அதனைத் தன்வயமாக்கிக் கொண்டது. எளிய மக்களின் நாக்கிற்கு இருக்கும் தன்மான உணர்வு, பலகை எழுதுவோர் மண்டையில் இல்லாமற் போயிற்றே!

இனி 'வெலிங்டன்'. அவ்விடத்துப் படைக்குடியிருப்பிற்கு முன்னிருந்த பெயர் என்ன தெரியுமா? செகதளா. படகர் ஊரின் பெயர். வெள்ளையன் தானே அதனைச் 'சாக்கதல்லா' என்று சிதைத்து எழுதிவந்தான். பின்னர் அதையும் நீக்கிவிட்டுத் தன் படைத்தலைவன் பெயரைச் சூட்டினான். அப்படைத்தலைவன் யார்? 1799இல் சீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டுத் திப்புவை வீழ்த்திய படையில் வந்த ஆர்தர் வெல்லசுலியே பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவன். தென்னாட்டு மண்ணை வென்றவன் பெயர் தென்னாட்டு மலைமேல் இன்றும் இருக்கின்றது. செகதளா அழிந்துவிட்டதா? இல்லை. பக்கத்திலேயே அவ்வூர் உயிரோடிருக்கின்றது. ஊர் இருக்கின்றது, ஊரார் இருக்கின்றனர், பெயர் இருக்கின்றது. நிலையத்தில் மட்டும் அதற்கு இடமில்லை!

எவர்க்காக வந்தது இவ்வண்டி?

இப்பாதை நம் மேல் கொண்ட அன்பால் போடப்பட்டதன்று. 1870 முதல் சென்னை மாநில வெள்ளை ஆட்சியர் கோடைதோறும் தம் அலுவலகங்களைத் தூக்கிக்கொண்டு உதகமண்டலம் ஏறினர். வெயில் அவர்கட்கு ஆகவில்லை. மலைச்சரிவுகளைக் காப்பிக்கும் தேயிலைக்கும் வளைத்துப் போட்டிருந்த தோட்ட முதலாளிகட்குச் சரக்கை இறக்க வழி வேண்டியிருந்தது. 1854இலேயே பேச்செழுந்து, பல திட்டங்கள் தோன்றி மறைந்து, 1891இல் வேலை தொடங்கி, 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகமண்டலம் வரையும் வண்டி ஓடிற்று. திட்டமிட்டவர், பணமிட்டவர், கொடியசைத்தவர் பெயர்களெல்லாம் வரலாற்றில் உள்ளன.

காய்ச்சல் மண்டிய அடிவாரக் காட்டில் பாறை பிளந்தவர் யார்? பதினாறு குகைவழிகளையும் உளியாலும் வெடியாலும் குடைந்தவர் யார்? மழைக்காலத்து மண்சரிவில் பாதையைத் தோளால் தாங்கி மீட்டவர் யார்? சுற்றுலாக் கையேடுகள் வளைவுகளின் தொகையைச் சொல்கின்றன. பாலங்களின் தொகையைச் சொல்கின்றன. ஆட்களின் தொகையைச் சொல்வதில்லை. கல்லை எண்ணியவர் கல் சுமந்தவனை எண்ணவில்லை.

தமிழால் இயலாதா?

"ஐயா, உங்கள் தமிழ் செய்யுளுக்குச் சரி, பொறியியலுக்கு உதவுமா?" என்று கேட்கும் அறிவாளிகள் நம்மிடையே உளர். அவர்கட்கு இம்மலைவண்டியைக் கொண்டே விடை கூறுவோம். கேளுங்கள்.

கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிற்குப் பாதையின் நடுவே இரண்டு பற்சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றொன்றன் பள்ளம் அமையும். பொறியின் அடியிலுள்ள பற்சக்கரங்கள் இச்சட்டங்களைக் கவ்விச் சுழலும்பொழுது, ஒரு சட்டத்தில் ஒரு பல் விடுபடுமுன் அடுத்த சட்டத்தில் மற்றொரு பல் பற்றிக்கொள்ளும். ஆகவே பிடி ஒரு நொடியும் தளர்வதில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு உரோமன் ஆப்ட் என்னும் பொறிவல்லார் 1882இல் உரிமம் பெற்ற அமைப்பு இது.

பொறியில் இரண்டு இணை உருளைகள் உண்டு. கொதிகலனில் பிறந்த நீராவி முதலில் உயரழுத்த உருளைகளிற் புகுந்து உந்துதண்டுகளைத் தள்ளும். அவை தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரங்களைச் சுழற்றும். அவ்வேலை முடித்த ஆவியைப் புகைபோக்கி வழியே வீணே விட்டுவிடுவதில்லை. அதே ஆவி தாழழுத்த உருளைகளிற் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே ஆவி இருமுறை உழைக்கின்றது. பற்சட்டம் இல்லாத பகுதியில் முதல் இணை மட்டும் வேலை செய்யும்.

ஏறும்போது பொறி முன்னின்று இழுப்பதில்லை. கீழ்ப்புறம் நின்று பெட்டிகளை மேனோக்கித் தள்ளுகின்றது. கொக்கி அறுந்தாலும் பெட்டி பள்ளத்தில் ஓடிவிடாமல் பொறியே தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் தடைகாவலர் ஒருவர் நிற்பார். முதற்பெட்டியில் நிற்பவர் கொடியசைத்துப் பின்னாலுள்ள ஓட்டுநர்க்கு வழி காட்டுவார். ஓட்டுநர் ஊதலொலியால் ஆணையிட, அவரவர் தம் தடையை அழுத்தவோ தளர்த்தவோ செய்வர். இத்தனை பேர் ஒரே மூச்சாய் இயங்கினால்தான் 46 கி.மீ. மலை ஏறும். ஏறி முடிக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

அன்பரீர், இவ்விளக்கத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பொறியின் எந்த உறுப்பிற்கேனும் ஆங்கிலச் சொல் தேவைப்பட்டதா? பற்சட்டம், பற்சக்கரம், உருளை, உந்துதண்டு, கொதிகலன், உயரழுத்தம், தாழழுத்தம், தடைகாவலர். பள்ளி மாணவனும் ஒருமுறை கேட்டால் விளங்கிக்கொள்வான். சொல்லைக் கேட்ட அளவிலேயே உறுப்பு செய்யும் வேலை புலப்படுகின்றது. ஆங்கிலச் சொல்லைக் கற்கும் சிறுவன் முதலில் ஒலியை உருப்போட்டு, பிறகு பொருளைத் தேடவேண்டும். தமிழ்ச்சொல்லில் பொருள் தானே முன்வந்து நிற்கின்றது.

பொன்மலையைக் கேளுங்கள்

இவ்வண்டியை இழுத்த பழம்பொறிகள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிலகத்தில் வார்க்கப்பட்டவை. அவை முதுமையெய்தித் தேய்ந்தபொழுது, நீராவிப் பொறி கட்டும் கலையையே உலகம் ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. அந்நிலையில் 2011 தொடங்கிப் புதிய நீராவிப் பொறிகளைக் கட்டி இம்மலைக்கு அனுப்பியது எது? திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை. முதலில் எண்ணெயால் எரியும் பொறிகள். பின்னர் 2021இல் நிலக்கரியால் எரியும் பொறியொன்று. கொதிகலன் முதல் பற்சக்கரம் வரை நம் தொழிலாளர் கைப்பட உருவானவை. வெள்ளையன் விட்டுச்சென்ற பழம்பொருளைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கின்றோம் என்று எண்ணுவோர் இதனை அறியவேண்டும். இன்று மலையேறும் பொறிகளுட் பல தமிழ்நாட்டில் பிறந்தவை.

இப்பொழுது சொல்லுங்கள், அத்தொழிலாளர் கைகளில் உள்ள அறிவு எந்த மொழியில் எழுதி வைக்கப்பட்டுள்ளது? கொதிகலனின் இசைவை ஒலியாலேயே அறியும் காது, இரும்பின் சூட்டை நிறத்தாலேயே அளக்கும் கண், தடையின் இறுக்கத்தை உள்ளங்கையாலேயே உணரும் பழக்கம் - இவையல்லவா மெய்யான மரபுடைமை! ஒரு தொழிலாளி ஓய்வு பெறும் நாளில் அவனோடு அவ்வறிவும் வீடு செல்கின்றது. அவன் அறிந்ததை அவன் மொழியில் கேட்டு எழுதிக்கொள்ள ஆளில்லை. 'பாயிலர்', 'பிசுட்டன்', 'பிரேக்' என்று அவன் சொல்கின்றான் என்றால், அவன்மேற் குற்றமில்லை. அவனுக்குத் தமிழ்ச்சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய புலவர் கூட்டம் பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தது. 1981இல் தஞ்சையில் தமிழுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தோன்றிற்று. பொன்மலைக்கும் தஞ்சைக்கும் எத்துணைத் தொலைவு? ஒரு காலை நேரப் பயணம். அத்தொலைவைக் கடக்க மனமில்லாதார் அறிவியல் தமிழ் வளர்ப்பது எங்ஙனம்?

ஊரார்க்கு இருக்கை உண்டா?

மரபுடைமைப் பெயர் வந்தபின் இன்னொரு கேடும் சூழ்கின்றது. மலைவாழ் மக்கள் ஏறி இறங்கிய பொதுவண்டி, பணம் படைத்தோர் களிப்பிற்குரிய காட்சிப்பொருளாக மாறும் கேடு அது. 2020 திசம்பரில் இவ்வண்டி தனியார் வாடகை வண்டியாக ஓடிற்று. ஆளுக்கு 3,000 உருபா கட்டணம் என்று செய்தி வந்தது. மக்கள் கொதித்தனர். தனியார்க்கு விற்கவில்லை, வாடகைக்கே விட்டோம் என்று தொடர்வண்டித் துறை விளக்கம் தந்தது. விளக்கம் இருக்கட்டும். விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு, வெளியே நின்று பார்க்கும் ஏழைக்கு எவ்வளவு பெரியது?

மொழியைப் பற்றிப் பேசவந்தவன் கட்டணத்தைப் பற்றி ஏன் பேசுகின்றான் என்று எண்ணாதீர். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். பெயர் வந்தவனுக்காக, இருக்கையும் வந்தவனுக்காக என்றால், இருந்தவனுக்கு எஞ்சுவது என்ன? சாளரத்தருகே நின்று கையசைக்கும் வேலை மட்டுமே.

மறுப்பாரும் அவர்க்கு மறுமொழியும்

"அப்பெயர்களும் நூறாண்டுப் பழமை உடையவை, அவையும் மரபே" என்பர் சிலர். நன்று. வெள்ளையனுக்கு முன் இம்மலை பெயரில்லாமலா கிடந்தது? தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் வாழ்ந்த மலை இது. உதகமண்டலத்தின் ஆங்கிலச் சிதைவிலேயே தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல் ஒளிந்து கிடக்கின்றது. நூறாண்டுப் பெயர் மரபென்றால் அதற்கு முற்பட்ட பெயர் என்ன, குப்பையா? பழமைதான் அளவுகோல் என்றால் பழமையில் மூத்ததற்கே முதலிடம் கொடுங்கள்.

"சுற்றுலா வருவோர்க்கு விளங்கவேண்டாவா?" என்பர் வேறு சிலர். விளங்குவதற்கு ஆங்கிலவெழுத்து போதும். ஆங்கிலப் பெயர் வேண்டா. குன்னூர் என்னும் பெயரை ஆங்கிலவெழுத்தில் படித்து வழிதவறிய வெளிநாட்டான் எவனையேனும் கண்டதுண்டா?

நம் அணியிலேயே சிலர் வேறொன்று கூறுவர்: "அயலான் தன் கோடையின்பத்திற்குப் போட்ட பாதை, அது துருப்பிடித்துப் போனால் நமக்கென்ன?" இவர்க்கும் நாம் உடன்படோம். பாதை போடச் சொன்னவன் அயலான், போட்டவன் நம்மவன். ஒவ்வொரு பாலத்துக் கல்லிலும் நம்மவன் வியர்வை ஊறியுள்ளது. அதனை வெறுப்பது நம் பாட்டனையே வெறுப்பதாகும். நாம் கேட்பது வண்டியின் அழிவை அன்று. அவ்வண்டி முழுமையாக நம்முடையதாகவேண்டும் என்பதே நம் வேட்கை.

மற்றொன்றும் நேர்மையாய்ச் சொல்வோம். அப்பெயர்களை நீக்கிவிட்டுச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு நாமே புதுப்பெயர் புனைந்து மலைமேல் ஒட்டக் கூடாது. அது வெள்ளையன் செய்த வேலையையே வேறு கையால் செய்வதாகும். படகர் பெயர் வழங்கிய இடத்தில் படகர் பெயரே வரட்டும். தோடர் பெயர் வழங்கிய இடத்தில் தோடர் பெயரே வரட்டும். அவையெல்லாம் ஒரே மொழிக்குடும்பத்துப் பிள்ளைகள். தமிழுக்குத் தன்மானம் கேட்கும் நாம், தமிழின் உடன்பிறப்புகளுக்கு அதனை மறுப்பது அறமாகாது.

வேல்சு நாட்டைப் பாருங்கள்

இப்படியெல்லாம் எங்கேனும் நடக்குமா என்று ஐயுறுவோர் அந்த ஆங்கிலேயன் வீட்டுக் கொல்லைப்புறத்தையே பார்க்கட்டும். இங்கிலாந்தின் மேற்கே வேல்சு நாடு. அங்கும் ஒரு மலைவண்டி 1896 முதல் ஓடுகின்றது. நம் பாதையில் உள்ள அதே ஆப்ட் பற்சட்டம். நம் பழம்பொறிகளைச் செய்த அதே விண்டர்தூர் தொழிலகத்து நீராவிப் பொறிகள். அது ஏறும் மலைக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் 'சுனோடன்'. வேல்சு மக்கள் தம் மொழியில் அதற்கு வழங்கும் பெயர் 'அர் வித்வா'.

அம்மக்களின் மொழி பட்ட பாடு சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளியில் தாய்மொழி பேசிய சிறுவன் கழுத்தில் மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டு இழிவுபடுத்தினர். அவர்கள் சோரவில்லை. ஆங்கிலப் பெயர்ப்பலகைகளை மை பூசி அழித்தனர், சிறை சென்றனர், சட்டம் பெற்றனர். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேல்சுமொழி அந்நாட்டின் ஆட்சிமொழித் தகுதி எய்திற்று. 2022 நவம்பரில் அங்குள்ள தேசியப் பூங்கா ஆணையம், இனி ஆங்கிலத்தில் எழுதும்போதும் அம்மலையை 'அர் வித்வா' என்றே எழுதுவோம் என்று முடிவு செய்தது. ஆங்கிலேயனுக்கு அண்டை வீட்டில் வாழும் சிறிய இனம், அவன் நாவிலேயே தன் மலைப்பெயரை ஏற்றிவிட்டது. அவன் நாடு விட்டுப் போய் எழுபத்தைந்து ஆண்டு கடந்தபின்னும் நாம் அவன் வைத்த பெயரைத் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதிக் கும்பிட்டுக்கொண்டிருக்கின்றோம்!

நமக்கும் ஒரு கல்லக்குடி உண்டு

வேல்சு வரை செல்வானேன்? தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையே தமிழன் மானப்போரின் களமாயிருந்திருக்கின்றது. 1952இல் பெரியார் அறிவித்த போராட்டத்தில் நிலையப் பலகைகளின் இந்தியெழுத்து தார்கொண்டு அழிக்கப்பட்டது. 1953 சூலை 15ஆம் நாள், வடநாட்டு முதலாளி பெயரால் 'தால்மியாபுரம்' என்றிருந்த நிலையத்தைக் கல்லக்குடி என்று மாற்றுமாறு கேட்டு, இளைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். சிறை கண்டனர். அன்று அதனை அறிவின்மை என்று இகழ்ந்தவர் பலர். இன்று அந்நிலையத்தின் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். வண்டி வழக்கம்போல் நிற்கின்றது, செல்கின்றது. வானம் இடிந்து விழவில்லை.

முதலாளி பெயரை நீக்க உயிரையும் பொருட்படுத்தாத இனம், படையெடுத்து வந்தவன் பெயரை மலைமேல் சுமந்துகொண்டு சும்மாவிருப்பது முறையா?

செய்யவேண்டுவன

ஒன்று: மலைப்பாதையின் ஆறு ஆங்கிலப் பெயர்களையும் நீக்கி, அவ்வவ்விடத்துப் பழம்பெயரை அவ்வூர் முதியோரிடம் கேட்டறிந்து சூட்டவேண்டும். முதற்கண் வெலிங்டன் நிலையம் செகதளா ஆகட்டும். பழைய பலகைகளை உடைக்க வேண்டா. காட்சிக்கூடத்தில் வரலாற்றுச் சான்றாக வைக்கட்டும்.

இரண்டு: பாதை அமைத்த தொழிலாளர்க்கு ஒரு நினைவுக்கல் நாட்டவேண்டும். பழைய கணக்குச் சுவடிகளில் எத்தனை பெயர் கிடைக்கின்றனவோ அத்தனையும் அதில் பொறிக்கப்படல் வேண்டும்.

மூன்று: பொன்மலைத் தொழிலாளர், மலைப்பாதை ஓட்டுநர், தடைகாவலர் ஆகியோர் அறிவைத் தமிழில் தொகுத்து, படங்களோடும் கலைச்சொற்களோடும் ஒரு நூல் ஆக்கவேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகம் இதனைத் தன் கடனாக ஏற்கட்டும்.

நான்கு: எத்தனைச் சுற்றுலாச் சிறப்புவண்டி விட்டாலும், மலைமக்களும் எளியோரும் குறைந்த கட்டணத்தில் செல்லும் நாள்வண்டியில் கைவைக்கக் கூடாது.

இவை அரசும் தொடர்வண்டித் துறையும் செய்யவேண்டுவன. நாம் செய்யவேண்டுவதும் உண்டு. இதழாசிரியர்க்கு அஞ்சல் எழுதுங்கள்: 'பாரம்பரிய ரயில்' என்னாதீர், மரபுத் தொடர்வண்டி என்க. தொடர்வண்டித் துறைக்கு விண்ணப்பம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், விடையையும் தமிழிலேயே கேளுங்கள். உங்கள் பிள்ளைகளை அவ்வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். பொம்மை என்று சொல்லிக் கொடாதீர்கள். பற்சட்டத்தைக் காட்டுங்கள், பற்சக்கரம் கவ்வும் ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள், இப்பொறி பொன்மலையில் பிறந்தது என்று கூறுங்கள், இக்குகைவழியைக் குடைந்தவன் நம் இனத்தான் என்று கூறுங்கள். அவர்கள் வளர்ந்து கேட்கும் வினாவிற்கு எந்த அமைச்சனும் விடை சொல்லாமல் தப்ப இயலாது.

தாழ அழுத்தும் ஆவியும் வீணாகாமல் ஒரு பொறியை மலைமேல் ஏற்றுகின்றது. நூறாண்டாக நம் நெஞ்சில் அழுந்திக் கிடக்கும் மானவுணர்வு வீணாகலாமா? பல் பற்றிய இடத்தை விடாமல், அடுத்த பல்லை நாடி ஏறுவோம். பெயர்கள் மீளட்டும், பெயரற்றவர் பெயர் பெறட்டும்.

வெல்க தமிழ்!